‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா?

நீங்கள் கேட்டது இது: இணையக் கடை ஒன்றில் பணம் கட்டினீர்கள், ‘ஆர்டர் உறுதியானது’ என்று மெயிலும் வந்தது. மறுநாள் ‘விலை தவறாகப் பதிவாகிவிட்டது’ என்று ரத்து செய்துவிட்டார்கள். சண்டை போட்டால், ‘எங்கள் விதிமுறைகளை ஏற்றுக்கொண்டுதானே வாங்கினீர்கள்’ என்கிறார்கள். இது சட்டப்படி செல்லுமா, செல்லும் என்றாலும் நியாயமா, இணைய வியாபாரத்துக்குச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் படிக்காமல் தட்டிவிட்ட அந்த விதிமுறைகளை எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். அதனால் கடைக்காரர் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

சட்டம் இருக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. இணையத்தில் செய்யும் ஒப்பந்தம், அது மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் செல்லாமல் போகாது என்ற கொள்கையை ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையம் 1996-லேயே ஒரு மாதிரிச் சட்டமாக எழுதிக் கொடுத்துவிட்டது. அதைப் பின்பற்றிப் பல நாடுகள் தங்கள் சட்டங்களை அமைத்துக்கொண்டன. ஆகவே மெயிலாலும் ஒப்பந்தம் உருவாகலாம், ஒரு தட்டலாலும் உருவாகலாம். நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவை அதற்கு அடுத்த கேள்வியில்தான் சிக்குகின்றன: தட்டியவருக்கு, தான் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரிந்திருந்ததா?

உங்கள் விலைப் பிரச்சினையிலிருந்தே தொடங்குகிறேன். கடைச் சன்னலில் விலைச்சீட்டோடு ஒரு பொருளை வைத்தால், ‘இந்த விலைக்குத் தருகிறேன்’ என்று கடைக்காரர் வாக்குக் கொடுத்ததாக ஆகுமா? ஆங்கிலேயச் சட்டமரபில் ஆகாது. 1959-இல் பிரிஸ்டல் நகரக் கடைக்காரர் ஒருவர், விற்கத் தடையுள்ள மடக்குக் கத்தியைச் சன்னலில் வைத்ததற்காக வழக்கில் சிக்கினார். காட்சிக்கு வைப்பது ‘வந்து கேளுங்கள்’ என்ற அழைப்புதான், விற்பனைக்கான முன்மொழிவு ஆகாது என்று சொல்லி நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. இந்தக் கணக்கில் இணையக் கடையின் பொருள் பக்கமும் ஒரு சன்னல்தான். ‘வாங்கு’ என்று அழுத்தும்போது முன்மொழிவது நீங்கள். ஏற்பதா மறுப்பதா என்பது கடைக்காரர் கையில். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. சுவிட்சர்லாந்தின் கடப்பாட்டுச் சட்டத்தில், விலையோடு பொருளைக் காட்சிக்கு வைப்பதே பொதுவாக முன்மொழிவு.

சரி, கடைக்காரர் ஏற்றும்விட்டார், அப்புறம்தான் விலை தவறு என்று கண்டுபிடித்தார் என்றால்? இதற்கு எல்லோரும் காட்டும் வழக்கு சிங்கப்பூரில் நடந்தது. 2003 ஜனவரியில் ஓர் இணையக் கடையில், 3,854 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள லேசர் பிரிண்டருக்கு 66 வெள்ளி என்று பதிவாகிவிட்டது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் சாட்டில் சொல்லிக்கொண்டு, ஆறு பேர் மட்டும் 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். கணினி தானாகவே உறுதி மெயில்களை அனுப்பித் தள்ளியது. கடை மறுத்தபோது ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். 2004-இல் உயர் நீதிமன்றத்திலும் 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

தோற்றதற்குக் காரணம் விதிமுறையில் இருந்த ஏதோ ஒரு வரி அல்ல. விலை தவறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கண்டது. அவர்களுடைய சாட் உரையாடலும், உண்மையான விலை என்ன என்று இணையத்தில் தேடிப் பார்த்ததும் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. ஒருவருடைய வெளிப்படையான தவறைத் தெரிந்தே பாய்ந்து பிடித்தால் அந்த ஒப்பந்தம் நிற்காது. எனவே உங்கள் விஷயத்தில் முதல் கேள்வி: அந்த விலை பாதிக்குப் பாதியா, ஐம்பதில் ஒரு பங்கா? தள்ளுபடிக் காலத்தில் பாதி விலை நம்பக்கூடியதே. ஐம்பதில் ஒரு பங்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து ‘விதிமுறைகளை ஏற்றுக்கொண்டீர்களே’ என்ற வாதம். கடைக்காரர்கள் நினைக்கும் அளவுக்கு இது பலமான கவசம் அல்ல. 2002-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்கு எதிரான வழக்கு ஒன்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. இலவச மென்பொருளைத் தரவிறக்கும் பொத்தான் மேலே இருந்தது. உரிம விதிகளுக்கான இணைப்பு, திரையைக் கீழே தள்ளினால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. கண்ணில் படாத விதிக்கு யாரும் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் சோனியா சோட்டோமேயர். பிற்பாடு அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

2014 வழக்கு உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கம். 2011-இல் டச்பேட் என்ற கைக்கணினியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டபோது, ஒருவர் பார்ன்ஸ் அண்ட் நோபிள் தளத்தில் இரண்டு வாங்கினார். மறுநாள் ஆர்டர் ரத்து. அவர் வழக்குப் போட, ‘எங்கள் விதிகளின்படி நீதிமன்றத்துக்கே வர முடியாது, நடுவரிடம்தான் போக வேண்டும்’ என்றது நிறுவனம். விதிகளுக்கான இணைப்பு பக்கத்தின் அடியில்தான் இருந்தது. அதை ஏற்கிறேன் என்று அவர் எந்தப் பெட்டியிலும் குறியிடவில்லை. அடியில் ஓர் இணைப்பு கிடந்தது என்பதற்காக அவர் கட்டுப்பட மாட்டார் என்றது நீதிமன்றம்.

இதிலிருந்து ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் குறியிட்டு ‘ஏற்கிறேன்’ என்று நீங்களே அழுத்தியிருந்தால், படித்தீர்களோ இல்லையோ, பெரும்பாலும் அது உங்களைக் கட்டும். தளத்தைப் பயன்படுத்தியதாலேயே ஏற்றுக்கொண்டதாக ஆகும் என்று எங்கோ அடியில் எழுதி வைத்திருந்தால், கட்டாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. கட்டினாலும்கூட, மிதமிஞ்சி ஒருதலைப்பட்சமான நிபந்தனையை வெட்டி எறியும் அதிகாரம் பல நாட்டு நுகர்வோர் சட்டங்களில் இருக்கிறது.

ஆனால் ‘படித்தீர்களோ இல்லையோ’ என்ற அந்த இரண்டு சொற்களில்தான் என் தொழிலின் சங்கடமே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 அன்று கேம்ஸ்டேஷன் என்ற பிரிட்டிஷ் விளையாட்டுக் கடை, ‘இந்த ஆர்டரைச் செய்வதன் மூலம் உங்கள் அழியா ஆன்மாவை எங்களுக்குத் தருகிறீர்கள்’ என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. சுமார் 7,500 பேர் ஆன்மாவை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று குறியிட ஒரு பெட்டியும் இருந்தது, குறியிட்டால் தள்ளுபடிச் சீட்டும் உண்டு. அதைக்கூட மிகச் சிலரே கவனித்தார்கள். அவர்களை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் போகிற தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை எல்லாம் படிக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 200 மணி நேரமாவது ஆகும் என்று 2008-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். நான் எழுதும் விதிமுறைகளை நானே கடைகளில் படிப்பதில்லை.

ஆக, சட்டம் ‘அழுத்தினாரா’ என்று கேட்கிறது; அறம் ‘தெரிந்து அழுத்தினாரா’ என்று கேட்கிறது. இணைய வியாபாரத்தின் அசிங்கங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் வாழ்கின்றன. அதை அறிந்தே அதில் கடை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-இல் இதற்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். இருண்ட வடிவமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பொய்யாக ஓடும் கடிகாரம், ‘இன்னும் இரண்டுதான் மிச்சம்’ என்ற மிரட்டல், கூடையில் தானாக வந்து உட்காரும் காப்பீடு, ‘வேண்டாம், எனக்குப் பணம் மிச்சம் பிடிக்க விருப்பமில்லை’ என்று நம்மைக் கூச வைக்கும் பொத்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் சுமார் 11,000 விற்பனைத் தளங்களைத் துழாவியபோது இப்படி 1,818 தந்திரங்கள் அகப்பட்டன.

அமேசான் பிரைம் விவகாரம் எனக்கு மறக்காமல் இருப்பது ஒரு பெயரால். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023-இல் போட்ட வழக்கில், சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு நிறுவனத்துக்குள் ‘இலியட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று குறிப்பிட்டது. பத்தாண்டு நீண்ட ஒரு போரைப் பாடும் காவியத்தின் பெயர்! சேருவதற்கு ஓரிரண்டு தட்டல், வெளியேறுவதற்குக் காவியம். 2025 செப்டம்பரில் அது 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது; அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. அதற்கு முன், 2022-இல், எபிக் கேம்ஸ் நிறுவனம் குழப்பமான பொத்தான்களால் விளையாடுபவர்களை வாங்க வைத்த குற்றச்சாட்டில் 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

ஐரோப்பிய நீதிமன்றங்கள் இந்த இடைவெளியை வேறு விதமாக அடைக்கப் பார்க்கின்றன: சம்மதம் என்றால் என்ன என்பதையே இறுக்குகின்றன. முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டி சம்மதம் ஆகாது என்று 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. பணம் கட்டும் கடமை உண்டு என்பது பொத்தானில் உள்ள சொற்களிலிருந்தே தெரிய வேண்டும், சுற்றியுள்ள விளக்கத்தை வைத்து ஒப்பேற்ற முடியாது என்று 2022-இல் ஒரு ஹோட்டல் முன்பதிவு வழக்கில் தீர்ப்பு வந்தது. குக்கீகளை (நம்மை அடையாளம் காணத் தளங்கள் நம் கருவியில் போட்டு வைக்கும் சிறு கோப்புகளை) ஏற்பது ஒரே தட்டலில் முடிகிறது, மறுக்கப் பல தட்டல் ஆகிறது என்பதற்காகவே பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் உச்ச அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அது.

இதிலும் ஒரு கோணல் உண்டு. சம்மதம் கேள் என்று சட்டம் வற்புறுத்தியதன் பலன், ஒவ்வொரு தளத்திலும் எகிறிக் குதிக்கும் குக்கீப் பெட்டி. அதையும் யாரும் படிப்பதில்லை. சம்மதத்தை எவ்வளவுதான் இறுக்கினாலும் ஒரு மனிதனுடைய கவனம் அவ்வளவுதான் இருக்கிறது. அதனால் சில விஷயங்களில் சம்மதம் கேட்பதையே விட்டுவிட்டு, நேராகத் தடை செய்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. என் தொழில் நண்பர்கள் பலர் இதை ஏற்க மாட்டார்கள்.

என்னிடம் ஒரு முறை ஒரு வாடிக்கையாளர், சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வரியை எங்கே வைப்பது என்று கேட்டார். பொத்தானுக்கு மேலே, அதே எழுத்தளவில் என்றேன். ‘அப்படி வைத்தால் பாதிப் பேர் போய்விடுவார்களே’ என்றார். போகிறவர்கள் அதைத் தெரிந்ததால் போகிறார்கள் என்றால், தெரியாமல் இருப்பவர்களின் பணத்தை வாங்க உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டேன். வரியைக் கீழேதான் வைத்தார்கள். அவர்கள் நாட்டுச் சட்டத்தில் அன்றைக்கு அதற்குத் தடையில்லை. நான் பில் அனுப்பினேன், வாங்கிக்கொண்டேன். சட்டமும் அறமும் ஒன்றா என்று கேட்டீர்களே, அதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

அடுத்து, என்ன வாங்கினோம் என்பதே தெரியாமல் வாங்குவது. 2009-இல் அமேசான், கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ உள்ளிட்ட மின்நூல்களை வாசகர்களைக் கேட்காமலேயே அழித்தது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். இருந்தாலும் அதுவரை தாங்கள் வாங்கியது புத்தகம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, வாங்கியது வெறும் உரிமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று 2012-இல் சொன்ன ஐரோப்பிய நீதிமன்றமே, மின்நூலை அப்படி விற்க முடியாது என்று 2019-இல் சொன்னது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், பிற்பாடு பறிக்கப்படக்கூடிய டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற சொல்லைப் போட்டால், அது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

யாரிடம் வாங்கினோம் என்பதும் அதே மாதிரிதான். பெரிய சந்தைத் தளத்தில் பொருள் வாங்குகிறீர்கள். விற்பவர் வேறு யாரோ. பேட்டரி வெடித்தால் யார் பொறுப்பு? ‘நாங்கள் வெறும் சந்தை’ என்ற வாதம் ரொம்ப நாள் ஓடியது. போலி நகை விற்பனை பற்றி டிஃபனி நிறுவனம் ஈபே மீது போட்ட வழக்கில் 2010-இல் ஈபேதான் வென்றது. போலிகள் எங்கோ இருக்கும் என்று பொதுவாகத் தெரிந்திருந்தால் போதாது, இந்தப் பொருள் போலி என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் 2020-இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்றாம் நபர் விற்ற மடிக்கணினி பேட்டரி வெடித்த வழக்கில், கிடங்கில் வைத்து, பணம் வாங்கி, பெட்டியில் போட்டு அனுப்பிய அமேசானும் பொறுப்பாகலாம் என்றது. ஐரோப்பாவின் 2022 டிஜிட்டல் சேவைகள் சட்டம், விற்பவர் யார் என்று தளங்கள் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும் என்கிறது. காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது.

பொய் மதிப்புரைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏமாற்று ஏமாற்றுதான், 2024 அக்டோபர் முதல் அமெரிக்காவில் அவற்றை வாங்குவதும் விற்பதும் வெளிப்படையாகவே தடை. வரியும் அப்படித்தான், அது பெரும்பாலும் விற்பவரின் தலைவலி. கடை இல்லாத மாநிலத்திலும் விற்பனை வரி வசூலிக்க வைக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னதோடு பழைய சலுகைக் காலம் முடிந்தது.

சாட்பாட் எனும் தானாகப் பதில் சொல்லும் உரையாடல் பெட்டிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்களுக்கு ‘தானியங்கி மெயில், பொருட்படுத்த வேண்டாம்’ என்றும் சொல்லியிருக்கலாம். ஏர் கனடாவின் சாட்பாட், துக்க நிகழ்வுக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணம் முடிந்தும் கேட்டு வாங்கலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற ரீதியில் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று இழப்பீடு தரச் சொன்னது. இயந்திரம் சொன்னது என்று கை கழுவுவது எளிதல்ல.

எந்த நாட்டுச் சட்டம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 2000-இல் பாரிஸ் நீதிமன்றம், நாஜி நினைவுப் பொருள்களின் ஏலம் பிரான்சில் தெரியாதபடி செய்ய அமெரிக்க யாகூவுக்கு உத்தரவிட்ட நாளிலிருந்து இந்த இழுபறி ஓயவில்லை. ஐரோப்பாவில் ஒரு நல்ல அளவுகோல் 2010-இல் வந்தது: தளத்தைத் திறக்க முடிகிறது என்பது மட்டும் போதாது, உங்கள் மொழியில், உங்கள் நாணயத்தில், நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி எண் போட்டு உங்களை நோக்கி வியாபாரம் செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் வாங்குபவர் தன் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். உலகம் முழுக்க இந்த விதி இல்லை. நடைமுறையில், சிறு தொகைக்கு வேற்று நாட்டு நீதிமன்றப் படி ஏறுவதை விட, அட்டை கொடுத்த வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்பது பத்து மடங்கு பலன் தரும். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கட்டிய பணம் திரும்பி வந்ததா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் விலைத் தவறு, விதிமுறை எல்லாம் அப்புறம், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பணம் வந்துவிட்டது என்றால் அந்த மெயிலை மறுபடி திறங்கள். ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது’ என்று இருந்தால் அது வெறும் ரசீது. உங்கள் கை தளர்ந்துவிடும். ‘ஏற்றுக்கொண்டோம்’, ‘அனுப்பிவிட்டோம்’ என்று இருந்தால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று வாதாட இடம் உண்டு. நீங்கள் சொன்ன ‘உறுதியானது’ இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சொல். விதிமுறைப் பக்கத்தில் ‘பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உருவாகும்’ என்று ஒரு வரி இருக்கிறதா, இருந்தால் அதை ஏற்க நீங்கள் பெட்டியில் குறியிட்டீர்களா என்று தேடுங்கள். அந்த வரி இருக்க வாய்ப்பு அதிகம். நான் எழுதும் எல்லா விதிமுறைகளிலும் அது இருக்கும்.